மாதத்தைக் கேட்காமல் கத்தரியை எடுக்காதீர்கள்

தொலைபேசியில் இயக்குநர் சொன்னது ஒரே வாக்கியம்: "எண்பதுகளின் லண்டன், நியூ ரொமான்டிக் கூட்டம், நிறைய ஃப்ரில் வேண்டும்." நான் கேட்டதும் ஒரே கேள்வி: "எந்த மாதம்?" மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. உடை தைப்பவளிடம் அளவைச் சொன்னால் போதாதா, மாதம் எதற்கு என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நியூ ரொமான்டிக் என்பது எழுபதுகளின் இறுதியில் லண்டன் கிளப்புகளில் வேஷம் போட்டுக்கொண்டு கூடிய இளைஞர்களிடமிருந்து கிளம்பிய உடை, இசை இயக்கம். லண்டனில் சிறிய நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பது என் தொழில். அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓர் அவமானம். சில வருடங்களுக்கு முன் ஒரு நாடகம் கிடைத்தது. கதை நடப்பது 1979 நவம்பரில், ஒரு கிளப்பின் வாசலில். கதாநாயகனுக்கு வெள்ளைக் கடற்கொள்ளையர் சட்டை, இடுப்பில் அகலமான பட்டுக் கச்சை, முழங்கால் வரை பூட்ஸ் என்று ஆசை ஆசையாகச் செய்தேன். நாடகம் முடிந்து வெளியே நின்றபோது அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி வந்தார். வெள்ளி முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கச்சையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். தையல் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மிகவும் மென்மையாக, இதையெல்லாம் நாங்கள் உடுத்தியது ஒன்றரை வருடம் கழித்துத்தான் அம்மா என்றார். நீங்கள் அப்போது என்ன உடுத்தினீர்கள் என்று கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை கன்னியாஸ்திரீயாகப் போனாராம். அடுத்த செவ்வாய் விதவையாக, அதற்கடுத்தது தம்பியின் பள்ளிக்கூடக் கோட்டில்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வரிசையில் நடந்தது என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். இந்த வழிகாட்டி அந்தத் தாளிலிருந்து வளர்ந்தது. நாடகத்துக்குத் தைப்பவர்களுக்கும் உதவும், அந்த இயக்கத்தின் கதையை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் உதவும். நான் ஊசியின் பக்கமிருந்து பேசுகிறேன். பாட்டின் பக்கமிருந்து பேச வேறு பலர் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு தாளில் தேதிகளை எழுதுங்கள்

தாளின் தலைப்பில் 1978 இலையுதிர்காலம் என்று எழுதுங்கள். சோஹோவில் டீன் தெரு 69-ஆம் எண், பில்லீஸ் என்ற நிலவறை கிளப். வேல்ஸிலிருந்து வந்த ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச் என்ற இளைஞரும், ரிச் கிட்ஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரஸ்டி ஈகனும் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே 'போவி இரவு' நடத்தத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் இசையும் அதற்கு உறவுள்ள இசையும் மட்டுமே ஒலிக்கும்.

ஏன் செவ்வாய்? இதைத் தெரிந்துகொண்டால் பாதி இயக்கம் புரிந்துவிடும். செவ்வாய் இரவு எந்தக் கிளப்பிலும் ஈ ஓட்டுவார்கள். சும்மா கிடக்கும் இடத்தை இளைஞர்களிடம் கொடுத்தால், வாசல் காசு அவர்களுக்கு, மதுக்கடை வருமானம் உரிமையாளருக்கு. இரு தரப்புக்கும் லாபம். மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள் அந்த நாளில் வரமாட்டார்கள். ஆகவே வந்தவர்களில் கலைக் கல்லூரி மாணவர்களும் வேலையில்லாதவர்களும் அதிகம். பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 1980 ஆகஸ்டில் 20 லட்சத்தைத் தாண்டியது, 1982 ஜனவரியில் 30 லட்சம். கையில் காசில்லை, நேரம் கொட்டிக் கிடக்கிறது. நேரத்தை வைத்து என்ன செய்யலாம்? ஆறு நாள் தைத்து ஏழாம் நாள் உடுத்தலாம்.

இரண்டாவது வரி: 1979 பிப்ரவரி. கூட்டம் கோவென்ட் கார்டனில் கிரேட் குயின் தெரு 4-ஆம் எண்ணுக்கு இடம் மாறியது. பிளிட்ஸ் என்ற ஒயின் பார் அது. இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனை நினைவூட்டும் அலங்காரம். அன்று ஜெர்மனி நடத்திய குண்டுவீச்சை பிளிட்ஸ் என்பார்கள், அதனால்தான் அந்தப் பெயர். வாசலில் ஸ்ட்ரேஞ்ச். உள்ளே இசைத்தட்டுகளோடு ஈகன். மேலங்கிகளை வாங்கி மாட்டும் அறையில் ஜார்ஜ் ஓ'டவ்ட் என்ற பையன், பின்னாளின் பாடகர் பாய் ஜார்ஜ். உடை பிடிக்கவில்லை என்றால் ஸ்ட்ரேஞ்ச் உள்ளே விடமாட்டார். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரையே திருப்பி அனுப்பினார் என்ற கதை லண்டனில் இன்றும் உலவுகிறது. காரணத்தை மட்டும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

மூன்றாவது வரி: 1980 அக்டோபர். பிளிட்ஸின் செவ்வாய்க்கிழமைகள் முடிந்தன. அதாவது சுமார் 20 மாதங்கள். இதற்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு போடுங்கள். நாம் நியூ ரொமான்டிக் என்று அழைக்கும் பாடல்களில் பெரும்பாலானவை இந்தக் கோட்டுக்குக் கீழேதான் வரும். கடைகள் அந்த உடையைப் பிரதி எடுத்ததும் கோட்டுக்குக் கீழேதான்.

அந்தப் பெயரும் அப்படியே. உள்ளே இருந்தவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைகள் 'பிளிட்ஸ் பிள்ளைகள்' என்றன. 1980 மே மாதம் தொடங்கிய தி ஃபேஸ் இதழ், அதே ஆண்டு நவம்பரிலும் இதைப் பெயரில்லாத கூட்டம் என்றுதான் குறிப்பிட்டது. நியூ ரொமான்டிக் என்ற சொல்லுக்கு இசைத் தயாரிப்பாளர் ரிச்சர்ட் ஜேம்ஸ் பர்ஜெஸைத்தான் வழக்கமாகச் சுட்டுகிறார்கள். ஆகவே உங்கள் நாடகத்தில் 1979-இல் ஒரு பாத்திரம் "நான் ஒரு நியூ ரொமான்டிக்" என்று சொன்னால், எழுத்தாளரிடம் பேசி அந்த வசனத்தை வெட்டச் சொல்லுங்கள். உடை தைப்பவளுக்கு அது வேலையா என்று முறைப்பார்கள். பரவாயில்லை.

பிறகு நடந்து பாருங்கள்

லண்டனுக்கு வர முடிந்தவர்கள் அரை மணி நேரத்தில் இந்த இயக்கத்தின் நிலப்பரப்பைக் கால்நடையாகவே முடித்துவிடலாம். டீன் தெரு 69-இல் தொடங்கிக் கிழக்கே நடந்து சேரிங் கிராஸ் சாலைக்கு வாருங்கள். ஃபாயில்ஸ் புத்தகக் கடை இன்று இருக்கும் 107-ஆம் எண் கட்டடம் அன்று செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரி. அங்கிருந்து என்டெல் தெரு. 1978-இல் ஜேம்ஸ் தெருவில் திறந்த பிஎக்ஸ் துணிக்கடை 1980-இல் இங்கே வந்தது. ஸ்ட்ரேஞ்ச் அந்தக் கடையில் வேலை பார்த்தவர். 1979-இல் செயின்ட் மார்ட்டின்ஸில் படிப்பை முடித்த ஸ்டீபன் ஜோன்ஸ், தன் முதல் தொப்பிக் கடையை அதே கடையின் நிலவறையில் 1980-இல் போட்டார். இன்று உலகின் பெரிய தொப்பிக் கலைஞர்களில் ஒருவர். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் கிரேட் குயின் தெரு.

அந்தத் தெருவில் இன்று பிளிட்ஸ் இல்லை. ஆனால் ஃப்ரீமேசன் சங்கத்தாரின் மாபெரும் மண்டபம் இருக்கிறது. அவர்கள் சடங்குகளுக்கு அணியும் சரிகைப் பட்டைகளும் பதக்கங்களும் விற்கும் கடைகளைப் பார்க்கலாம். எனக்கு அந்தக் கண்ணாடி அலமாரிகள் முன் நிற்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். மரியாதைக்குரிய கனவான்கள் ஒரு பக்கம் பட்டையும் ஏப்ரனும் கட்டிக்கொண்டு வேஷம் போடுகிறார்கள். அதே தெருவில் இருபது வயதுப் பையன்கள் அதையே செய்தபோது பத்திரிகைகள் கேலி செய்தன.

நடந்து பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. கல்லூரி, கடை, கிளப் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. பலர் தங்கியதும் தொலைவில் இல்லை. வாரன் தெருவில் பாழடைந்த ஜார்ஜியன் காலத்துப் பழைய வீடுகளில் வாடகையின்றி உட்கார்ந்துகொண்டார்கள். பாய் ஜார்ஜும் ஸ்டீபன் ஜோன்ஸும் அங்கே இருந்தவர்கள்தான். பகலில் வகுப்பில் வெட்டிய துணியை மாலையில் ஊக்குக் குத்தி, இரவில் உடுத்திக் காட்டலாம். யாருடைய வேஷம் எடுபட்டது என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த செவ்வாய்க்குள் எல்லாரும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். மாதத்தைக் கேள் என்று நான் சொல்வது இதனால்தான்.

1979-க்கு என்றால் தைக்காதீர்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிளிட்ஸின் முதல் ஆண்டுக்கு உடை வேண்டுமென்றால் புதிதாக எதையும் தைக்காதீர்கள், சேகரியுங்கள். கோவென்ட் கார்டனில் சார்ல்ஸ் ஃபாக்ஸ் என்ற பழைய நாடக உடைக்கடை இருந்தது. அது சரக்கைத் தள்ளிவிட்டபோது இந்தப் பிள்ளைகள் போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதிரியார் அங்கி, ராணுவக் கோட்டு, முடியாட்சிக்கால மேலாடை எல்லாம் ஒரே மூட்டையில் கிடைத்தன. போதாததற்குப் பழைய துணிக்கடைகள், பாட்டியின் பெட்டி, ஜன்னல் திரை.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். பழைய கறுப்புப் பட்டமளிப்பு அங்கி ஒன்று, வெள்ளைக் காடாத் துணி இரண்டு மீட்டர், பெரிய ஊக்கு பன்னிரண்டு, பழைய புரூச் ஒன்று. ஊசி நூல் கிடையாது, அரை மணி நேரத்தில் ஒருவரை அலங்கரிக்க வேண்டும். முதல் முறை எல்லாரும் அழகாகச் செய்வார்கள், அதாவது கெடுத்துவிடுவார்கள். அங்கியைப் பிரித்து, அதே பொருள்களை வைத்து முற்றிலும் வேறோர் ஆளை உருவாக்கச் சொல்வேன். மூன்றாவது முறைதான் ஏதாவது நடக்கும். போன மாதம் ஒரு பெண் காடாத் துணியைத் தலையைச் சுற்றிக் கன்னத்தின் கீழ் இறுக்கிக் குத்தி, அங்கியைத் தலைகீழாக்கி, கைகளை இடுப்பில் முடிச்சிட்டாள். கன்னியாஸ்திரீயும் இல்லை, இளவரசியும் இல்லை. எந்த நூற்றாண்டு என்றே சொல்ல முடியவில்லை. "அக்கா, இது தப்பா?" என்று கேட்டாள். அதை அப்படியே புகைப்படம் எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஃப்ரில் அறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தது. நூறு வேஷங்களில் அதுவும் ஒன்று, அவ்வளவே. மேடையில் இருபது பேர் இருந்தால் இருபது பேருக்கும் வெவ்வேறு காலம் வையுங்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி இருந்தால் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

புல்டோசரிடமிருந்து காப்பாற்றிய அங்கி

தாளில் 1980 மே என்று ஒரு வரி சேருங்கள். பிளிட்ஸுக்கு டேவிட் போவியே வந்தார். தன் 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாட்டின் வீடியோவில் நடக்க ஸ்ட்ரேஞ்சையும் இன்னும் மூவரையும் அழைத்துக்கொண்டார். ஆளுக்கு 50 பவுண்டு கூலி. தென்கிழக்கு இங்கிலாந்தின் கடற்கரையில் படமெடுத்தார்கள். போவிக்கு நடாஷா கார்னிலாஃப் தைத்த கோமாளி உடை. பின்னால் புல்டோசர். அதன் முன்னே அந்த நால்வர்.

ஸ்ட்ரேஞ்ச் அணிந்திருந்தது ஜூடித் ஃபிராங்க்லேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளரின் படைப்பு. தேவாலய அங்கியின் சாயலில் கறுப்பு மணப்பெண் உடை. நால்வரில் ஜூடித்தும் ஒருவர். வீடியோவில் ஸ்ட்ரேஞ்ச் குனிந்து கையைத் தரை நோக்கி வீசும் ஓர் அசைவு வரும். ஏதோ சடங்கு போல இருக்கும், பலர் அதற்கு ஆழமான பொருளெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அங்கியின் விளிம்பு புல்டோசரில் மாட்டிவிடக் கூடாதென்று இழுத்துவிட்டதுதான் அது என்று ஸ்ட்ரேஞ்ச் பின்னாளில் சொன்னார். உடைக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. விளிம்பை நீளமாக வைத்தால் நடிகரின் உடம்பு தானாக ஒரு நடையைக் கண்டுபிடிக்கும். நான் இப்போதெல்லாம் அங்கிகளைத் தரைக்குக் கீழே நான்கு விரற்கடை அதிகம் விட்டு, ஒத்திகையின் முதல் நாளே கொடுத்துவிடுவேன். தடுக்கி விழாமல் நடக்கப் பழகுவதற்குள் நடை வந்துவிடும்.

அந்தப் பாட்டு 1980 ஆகஸ்டில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. செவ்வாய்க்கிழமை ஒரு சிறு அறையில் இருந்தது அந்த மாதம் நாடு முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

வெட்டும்போது கேட்க

பாட்டுகளையும் மாத வரிசையில் கேளுங்கள். பிளிட்ஸில் ஒலித்தவை பெரும்பாலும் பிளிட்ஸ் பிள்ளைகள் செய்த பாட்டுகளே இல்லை, அதை முதலில் மனத்தில் வாங்குங்கள். போவி, ராக்ஸி மியூசிக், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க், ஜார்ஜியோ மொரோடரின் இயந்திர டிஸ்கோ, ஜப்பானின் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா. கிராஃப்ட்வெர்க்கின் 1977, 1978 ஆல்பங்களைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் தையல் இயந்திரத்தில் உட்காருங்கள். இயந்திரத்தின் தாளமும் அந்தத் தாளமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது.

இந்த மாதிரிப் பாட்டு போதுமான அளவு கிடைக்கவில்லை, நாமே செய்துவிடுவோம் என்று ஈகனும் ரிச் கிட்ஸில் அவரோடு இருந்த மிட்ஜ் யூரும் ஸ்ட்ரேஞ்சை முன்னால் நிறுத்தி உருவாக்கியதுதான் விசாஜ் குழு. 1980 இறுதியில் வந்த அவர்களுடைய 'ஃபேட் டு கிரே' பிரிட்டனில் எட்டாம் இடம், மேற்கு ஜெர்மனியில் முதலிடம். அதற்கு முன்பே இஸ்லிங்டன் பையன்களின் ஸ்பாண்டௌ பாலே, 1979 டிசம்பரில் பிளிட்ஸில் வாசித்தது, 1980 ஜூலையில் தேம்ஸில் நிற்கும் ஹெச்எம்எஸ் பெல்ஃபாஸ்ட் போர்க்கப்பலில் வாசித்தது. அவர்களின் முதல் பாட்டு ஐந்தாம் இடம் பிடித்தது. வழக்கமான ராக் மேடைகளைத் தவிர்த்து இப்படி இடம் பார்த்து இடம் பார்த்து வாசித்ததும் ஒரு வகை உடையலங்காரம்தான் என்று எனக்குப் படுகிறது.

பர்மிங்காமை மறந்துவிடாதீர்கள். லண்டன்காரர்கள் சொல்லும் கதையில் அந்த ஊர் காணாமல் போய்விடும். அங்கே ரம் ரன்னர் என்ற கிளப் இருந்தது, டுரான் டுரான் அங்கிருந்து கிளம்பிய குழு. ஹர்ஸ்ட் தெருவில் கான் அண்ட் பெல் என்ற துணிக்கடையை ஜேன் கானும் பாட்டி பெல்லும் 1976-லேயே நடத்தத் தொடங்கிவிட்டார்கள். அதாவது பிளிட்ஸுக்கு மூன்று வருடம் முன்பே. 1981 பிப்ரவரியில் வந்த டுரான் டுரானின் முதல் பாட்டிலேயே நியூ ரொமான்டிக் என்ற சொல் வருகிறது. லண்டனில் பெயரை வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள், இவர்கள் அதை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். அடுத்த வருடம் இலங்கைக்குப் போய் சிகிரியாவில் வீடியோ எடுத்தார்கள் என்பது நம்மவர்களுக்கு ஒரு கொசுறு.

கடற்கொள்ளையர் சட்டை, 1981 மார்ச்சுக்குப் பிறகு மட்டும்

இப்போது ஃப்ரிலுக்கு வரலாம். உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் அவருடைய கூட்டாளி மால்கம் மெக்லாரனும் தங்கள் 'பைரேட்' தொகுப்பை லண்டன் ஒலிம்பியா அரங்கில் 1981 மார்ச்சில் காட்டினார்கள். நான் கதாநாயகனுக்குத் தைத்த சட்டை இதிலிருந்து வந்தது. அந்தப் பெண்மணி சொன்ன ஒன்றரை வருடக் கணக்கு இதுதான்.

இந்தச் சட்டையை எல்லாரும் தவறாக வெட்டுவார்கள். நானும் வெட்டினேன். இன்றைய சட்டை மாதிரியை எடுத்து, வளைவான கைக்குழியோடு வெட்டி, முன்னால் ஃப்ரில் ஒட்டினால் கல்யாணக் கச்சேரிப் பாடகர் கிடைப்பார். வெஸ்ட்வுட் 18-ஆம் நூற்றாண்டுச் சட்டையின் வெட்டை அப்படியே படித்தவர். அந்த வெட்டில் வளைவே கிடையாது. எல்லாம் சதுரமும் செவ்வகமும். துணி ஒரு துளி வீணாகாது.

நான் செய்யும் முறை இது. 115 செ.மீ. அகலத்தில் மெல்லிய பருத்தி மல் துணி மூன்று மீட்டர். உடலுக்கு 80 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளத்தில் ஒரே துண்டு. அதை நடுவில் மடித்தால் மடிப்பே தோள், அங்கே தையல் இல்லை. பக்கத்தில் மிஞ்சும் நீளக் கீற்றில் கழுத்துப்பட்டி, மணிக்கட்டுப் பட்டி, ஃப்ரில் எல்லாம் வந்துவிடும். கைகளுக்கு 57 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு செவ்வகங்கள். அக்குளில் வைக்க 15 செ.மீ. சதுரத் துண்டு இரண்டு. இந்தச் சதுரத்தை விட்டுவிட்டால் கையைத் தூக்கும்போது சட்டை கிழியும், ஆகவே அதில் மட்டும் சோம்பல் கூடாது. தோள் மடிப்பில் கழுத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு, அதன் நடுவிலிருந்து நெஞ்சில் நேராகக் கீழே 30 செ.மீ. வெட்டு.

ஃப்ரிலுக்கு 8 செ.மீ. அகலப் பட்டை, நெஞ்சு வெட்டின் நீளத்தைப் போல் இரண்டரை மடங்கு. ஒரு பக்கத்துக்கு 75 செ.மீ. என்று கணக்கு. வெளிவிளிம்பைக் கையால் உருட்டித் தையுங்கள், இயந்திரத்தில் மடித்தால் விளிம்பு கனத்துத் தொங்கும். உள்விளிம்பில் அரை செ.மீ. இடைவெளியில் இரண்டு வரி ஓட்டுத்தையல் ஓட்டி, இரண்டு நூலையும் சேர்த்து இழுத்துச் சுருக்குங்கள். ஒரு வரியோடு நிறுத்தினால் சுருக்கம் திரும்பிக்கொள்ளும். முடித்ததும் நீர்த்த கஞ்சியில் நனைத்து, விரலால் ஒவ்வொரு அலையாக எடுத்துவிட்டுக் காயவையுங்கள். இஸ்திரிப் பெட்டியை ஃப்ரில் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

துணியில் மிச்சம் பிடிக்கப் பார்த்து நான் ஒருமுறை பாலியெஸ்டர் சாட்டினில் தைத்தேன். மேடை விளக்கில் சட்டை மட்டும் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. ஃப்ரில் ஈரக் கோழி இறகு போல ஒட்டிக்கொண்டது. பருத்தி மல்லையும் தேநீர் வடித்த நீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் கண்ணைக் குத்தும் வெள்ளை அடங்கும்.

உடுத்திப் பார்த்தால் சட்டை ஒரு தோளில் வழியும். சரி செய்யாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். உடம்புக்குப் பிடிக்காத அந்த வெட்டினால் ஆண் உடுத்தினாலும் பெண் உடுத்தினாலும் ஒரே சட்டைதான். அந்தக் காலத்தில் அளவு கேட்காமல் மாற்றி மாற்றி உடுத்த முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடகர் ஆடம் ஆன்டின் சரிகைப் பின்னல் வைத்த குதிரைப்படைக் கோட்டையும், மூக்கின் குறுக்கே வெள்ளைக் கோட்டையும் பலர் இதோடு சேர்த்துவிடுவார்கள். அவர் 1980 இறுதியிலேயே அந்தக் கோலத்தில் வந்துவிட்டார், நியூ ரொமான்டிக் என்ற பட்டத்தையும் ஏற்கவில்லை. எடுத்துக்கொள்வதானால் அவருக்குத் தனி அலமாரி கொடுங்கள்.

முகம்

முகத்துக்கு அதிக நேரம் வேண்டாம், கவனம்தான் வேண்டும். கன்னச் சிவப்பைக் கன்னத்தின் உருண்டையில் வைத்தால் பொம்மை. கன்ன எலும்புக்கு அடியில் தொடங்கி நெற்றிப் பொட்டு வரை மேல்நோக்கி இழுத்து, கண் நிழலோடு கலந்துவிட்டால் 1980. புருவத்தை மறைத்து மேலே வேறு புருவம் வரையலாம். உதட்டுக்கு நிறத்தைவிட வடிவம் முக்கியம், கூரான பென்சிலால் ஓரத்தை வெட்டியது போல வரையுங்கள்.

மாதிரிக்கு டெரெக் ரிட்ஜர்ஸ், ஹோமர் சைக்ஸ், கிரஹாம் ஸ்மித் எடுத்த படங்களைப் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: அவற்றில் பல ஃபிளாஷ் விளக்கில் எடுத்தவை. ஃபிளாஷ் பவுடரை வெளுத்துக் காட்டும், ஆகவே படத்தில் தெரியும் வெள்ளையை அப்படியே முகத்தில் பூசினால் பேய் வந்துவிடும். இன்னொன்று, நடுவில் நிற்கும் பிரபலத்தைப் பார்க்காதீர்கள். பின்னால் சுவரோரம், படம் எடுப்பது தெரியாமல் நிற்கிறவரைப் பாருங்கள். ஊக்கு எங்கே குத்தியிருக்கிறது, காலில் என்ன செருப்பு என்பதெல்லாம் அவரிடம்தான் தெரியும்.

எப்போது நிறுத்துவது

1981 ஜூலை 29, இளவரசி டயானாவின் திருமணம். இமானுவல் தம்பதி தைத்த அந்த உடையில் இருந்த பட்டும் சுருக்கங்களும் இங்கிலாந்தின் எல்லாக் கடைத்தெருவுக்கும் போய்ச் சேர்ந்தன. அதே கோடையில் ஸ்பாண்டௌ பாலே ஃபங்க் என்ற நடன இசையை வாசித்துக்கொண்டிருந்தது. பழைய பிளிட்ஸ் ஆட்கள் கிரீக் தெருவின் பீட் ரூட் கிளப்பில் தொளதொள ஸூட் சூட்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃப்ரில் அத்தைமார்களிடம் வந்த நாளில் அதைக் கண்டுபிடித்தவர்கள் கழற்றிவிட்டிருந்தார்கள். 1982 ஏப்ரலில் ஸ்ட்ரேஞ்சும் ஈகனும் கேம்டன் பேலஸ் என்ற கிளப்பைத் திறந்தபோது அது பெரிய அரங்கு, பெரிய வியாபாரம். அந்த இலையுதிர்காலத்தில் கல்ச்சர் கிளப் என்ற தன் குழுவோடு பாய் ஜார்ஜ் பாட்டு வரிசையில் முதலிடத்துக்கு வந்தார். பின்னல் ஜடை, தொப்பி, அச்சுப் பதித்த தொளதொள மேலாடை. அது தனிக் கதை, அதையும் பிளிட்ஸையும் ஒரே காட்சியில் கலக்காதீர்கள்.

1984-இல் செயின்ட் மார்ட்டின்ஸை முடித்த உடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோ, பிரெஞ்சுப் புரட்சிக்கால உடைகளை வைத்துத் தன் பட்டத் தொகுப்பைச் செய்தபோது இதன் வால் நுனி ஒருமுறை ஆடியது என்பேன். படிக்கும்போது நேஷனல் தியேட்டரில் நடிகர்களுக்கு உடை மாட்டிவிடும் வேலை பார்த்தவர் அவர். எங்கள் ஜாதி.

நிஜத் துணியைக் கண்ணால் பார்க்க விரும்பினால், லண்டன் ஒலிம்பிக் பூங்காவில் 2025-இல் திறந்த, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வி அண்ட் ஏ ஈஸ்ட் சேமிப்பகத்துக்குப் போங்கள். முன்கூட்டியே பதிவு செய்தால் சேகரிப்பிலிருந்து ஐந்து பொருள்கள் வரை கேட்டு, மேசையில் வைத்துப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. போவியின் ஆவணங்களும் அங்கேதான். நான் துணியின் முகப்பைப் பார்க்கப் போவதில்லை, விளிம்பின் உள்பக்கத்தைக் காட்டுங்கள் என்றுதான் கேட்பேன். அவசரத்தில் போட்ட தையல் உள்ளேதான் இருக்கும்.

இயக்குநர் இரண்டு நாள் கழித்து மீண்டும் அழைத்தார். எழுத்தாளரிடம் கேட்டாராம், கதை நடப்பது 1980 பிப்ரவரி, ஒரு செவ்வாய். அப்படியானால் ஃப்ரில் அளவாகத்தான் என்றேன். ஒன்றாவது வையுங்கள் என்று கெஞ்சினார். சரி, மதுக்கடையில் கண்ணாடிக் குவளை துடைக்கும் பையனுக்கு, யாரோ விற்றுத் தள்ளிய பழைய நாடகச் சட்டையிலிருந்து ஒன்று வைக்கிறேன் என்றேன். பெரிய ஊக்கு நான்கு பெட்டி வேண்டுமென்று கடைக்குச் சொல்லிவிட்டேன்.